நாலு யூரோ எங்கே போச்சு?

அத்தியாயம் 14

ஆடி மாதத்தில் பஞ்சு அடைக்க உட்கார்ந்தால் முதல் வேலை ஜன்னலைச் சாத்துவதுதான். தர்மதேவி மூன்று ஜன்னல்களையும் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இலவம்பஞ்சு மூட்டையை அவிழ்த்தாள். வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் அந்தப் புதன்கிழமை காலை அவள் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

இருக்காதா பின்னே? நாலு மாதமாக வீட்டில் புகைந்துகொண்டிருந்த ஒரு விஷயம் போன வாரம்தான் அடங்கியிருந்தது.

சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாப்பிள்ளை அஜிதன், செங்கம் ரோட்டுக் கடைகளுக்கு இணையத்தில் விற்பனைப் பக்கம் செய்துகொடுக்கிறான். ஒன்பது கடைகள் சேர்ந்துவிட்டன. சின்னதாக ஓர் அலுவலகம் போட பேங்க்கில் கடன் கேட்டிருந்தான். ஜாமீன் கையெழுத்துப் போட மாமனார் தன்யகுமார் பிடி கொடுக்கவே இல்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் முப்பது வருடமாக ஃபைல் பார்க்கிறவர். அடுத்தவர் காகிதத்தில் கையெழுத்து என்றால் அவர் பேனாவின் மூடி சுலபத்தில் திறக்காது. கடைசியில் போன ஞாயிற்றுக்கிழமை, "சரி, வர்ற வெள்ளிக்கிழமை பேங்க்குக்கு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒன்பது கடைகளில் ஒன்று தர்மதேவியுடையது. கடை என்றால் முன்னறையும் ஒரு தையல் மிஷினும்தான். தியானத்துக்கு உட்காரும் திண்டுகள் தைக்கிறாள். முன்பு ஊரிலுள்ள ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வாசலில் வந்து வாங்கிப் போவார்கள். இப்போது ஊருக்குத் திரும்பிப் போனவர்களும் அங்கிருந்தே ஆர்டர் போடுகிறார்கள். எல்லாம் மாப்பிள்ளை செய்துகொடுத்த பக்கத்தால் வந்தது.

"அம்மா, மார்கிட் ஆன்ட்டி மெயில் போட்டிருக்காங்க." லேப்டாப்பை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு வந்தாள் மூத்த மகள், அஜிதனின் மனைவி அக்ஷயா. ஆர்டர், தபால், பதில் எல்லாம் அவள் பொறுப்பு.

"திண்டு போய்ச் சேர்ந்துச்சாமா?"

"சேர்ந்துடுச்சு. ரொம்ப நல்லாருக்குனு போட்டிருக்காங்க. ஆனா…"

"என்னா ஆனா?"

மார்கிட் ஆஸ்திரியாக்காரி. மூன்று வருடம் இதே மாடியில் வாடகைக்கு இருந்தவள். அவளுடைய முட்டிவலிக்காகத்தான் தர்மதேவி முதல் திண்டையே தைத்தாள். அக்ஷயா கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

'தர்மா, உன் திண்டில் உட்கார்ந்ததும் என் முட்டி உனக்கு நன்றி சொன்னது. இன்னொரு விஷயம். விலை ஐயாயிரம் ரூபாய் என்று பார்த்தேன். எங்கள் காசில் ஐம்பது யூரோ. ஆனால் என் கார்டில் ஐம்பத்து நான்கு எடுத்திருக்கிறார்கள். நீ விலையை ஏற்றியிருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். என்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே.'

தர்மதேவியின் கை பஞ்சுக்குள் அப்படியே நின்றது.

"நான் ஏத்தலியே."

"தெரியும்மா."

"நான் அவளை ஏமாத்தினதா நினைச்சிட்டா பாரு."

"அப்படியெல்லாம் எழுதலம்மா."

"எழுதல. அதான் கஷ்டமா இருக்கு."

அக்ஷயா கணக்கைத் திறந்து பார்த்தாள். அந்த ஆர்டருக்கு வழக்கமான கழிவு போக ஐயாயிரத்துக்கு என்ன வர வேண்டுமோ அதுதான் வந்திருந்தது. கூடுதலாக ஒரு பைசா இல்லை.

"அப்ப நாலு யூரோ எங்க போச்சு?" என்றாள் தர்மதேவி.

"அவங்க பேங்க் எடுத்திருக்கும்."

"ஐம்பதுக்கு நாலா? அவ்ளோ ஜாஸ்தியா எடுப்பாங்க?"

"இரு, மேல போய் அவரைக் கேட்டுட்டு வரேன்."

"வேணாம், வேணாம்." தர்மதேவி அவசரமாகத் தடுத்தாள். "பேங்க் காகிதமெல்லாம் எடுத்து வச்சிட்டிருக்காரு. இப்ப போய்ப் பணத்தைப் பத்திக் கேட்டா நல்லாருக்காது."

நல்லாருக்காதுதான். மாமனார் வீட்டில் வந்து தங்கியிருக்கும் மனிதரிடம் பணத்தைப் பற்றி எந்தக் கேள்வி கேட்டாலும் அதற்கு வேறோர் அர்த்தம் வந்துவிடும். அந்தப் பயத்தில் நாலு மாதமாக அந்த வீட்டில் யாரும் அவனிடம் காசு என்ற சொல்லையே எடுத்ததில்லை.

"சுருதியைக் கூப்பிடு" என்றாள்.

இளையவள் சுருதி ஜெர்மனியில் மேற்படிப்பு படிக்கிறாள். அங்கே காலை ஏழு மணி. பல் விளக்கிக்கொண்டே வீடியோவில் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சிம்பிள்மா. நானே உன் கடைல ஒரு திண்டு வாங்கறேன். என்கிட்டதான் யூரோ கார்டு இருக்கே. என்ன வருதுனு பார்த்துடலாம்."

சுருதியின் கம்ப்யூட்டர் திரை இவர்கள் லேப்டாப்பில் தெரிந்தது. நீல நிறத் திண்டைத் தொட்டாள். ஐயாயிரம் ரூபாய். முகவரி போட்டாள். கார்டு எண்ணைப் போட்டாள்.

"இப்ப பாருங்க. ரெண்டு கட்டம் வருது. மேல 'உங்கள் நாணயத்திலேயே செலுத்துங்கள், 54 யூரோ'. கீழ 'ரூபாயில் செலுத்துங்கள், 5000'. மேல இருக்கறதுல முன்கூட்டியே டிக் போட்டு வச்சிருக்கு. பக்கத்துல பச்சை கலர்ல 'பரிந்துரை'னு வேற."

"யாரு பரிந்துரைக்கிறது?"

"கடைக்காரங்கதான். அதாவது நீதாம்மா."

தர்மதேவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடியில எறும்பு மாதிரி ஒரு எழுத்து இருக்கு. இருங்க, பெருசு பண்றேன். 'இந்த மாற்று விகிதத்தில் எட்டு சதவீதக் கட்டணம் அடங்கும்.' போச்சா நாலு யூரோ? கீழ இருக்கற ரூபாய் கட்டத்தைத் தொட்டிருந்தா என் பேங்க்கே மாத்திக்கும். அவங்க ஒரு பர்சன்ட் எடுப்பாங்க. அரை யூரோ." சுருதி சிரித்தாள். "மார்கிட் ஆன்ட்டி மட்டும் இல்லம்மா, யாரா இருந்தாலும் மேல இருக்கறதைத்தான் அமுக்குவாங்க. தெரிஞ்ச காசுல எழுதியிருந்தா ஒரு தைரியம். நான் இங்க வந்த புதுசுல நம்ம ஊர் சைட்ல அக்காவுக்குப் புடவை எடுத்தேனே, அதுலயும் இப்படித்தான் குடுத்திருப்பேன். ஆனா பெத்த அம்மாவே எட்டு பர்சன்ட் அடிப்பானு எதிர்பார்க்கல."

"வாயை மூடுடி."

"அக்கா, இதை யாராவது ஆன் பண்ணினாதான் வரும். உள்ளே போய்ப் பாரு."

அக்ஷயா கடையின் அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

'வாடிக்கையாளர் நாணயத்தில் செலுத்தும் வசதி: இயக்கத்தில் உள்ளது. உங்கள் பங்கு: இரண்டு சதவீதம். பெறுபவர்: அஜிதன்.'

அவள் லேப்டாப்பை மூடுவதற்குள் தர்மதேவி படித்துவிட்டாள்.

சுருதியின் குரல் மட்டும் மூடிய லேப்டாப்புக்குள்ளிருந்து, "ஹலோ? ஹலோ?" என்றது.

"நான் போய்க் கேக்கறேன்." அக்ஷயா எழுந்தாள். கண் கலங்கியிருந்தது. "என்கிட்டகூட சொல்லலையே இந்த மனுஷன்."

"நீ போனா சண்டையாயிடும். நான் போறேன்."

"நீயா? அவருக்கு இன்னொரு சப்பாத்தி வேணுமானுகூட என்கிட்ட சொல்லித்தானே கேப்ப?"

"இன்னிக்கு நானே கேட்டுக்கறேன்" என்றாள் தர்மதேவி. தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். படியேறும்போது திரும்பி, "அப்பாவுக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றாள். அதை அக்ஷயா ஏற்கெனவே நினைத்தாகிவிட்டது. இது மட்டும் தெரிந்தால் வெள்ளிக்கிழமைக் கையெழுத்து அவ்வளவுதான்.

மகளும் மருமகனும் குடிவந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தர்மதேவி மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அஜிதன் பதறி எழுந்து, நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்து இடம் பண்ணினான்.

"சொல்லியனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே அத்தை."

"இருக்கட்டும் மாப்பிள்ளை. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

மார்கிட் எழுதியதைச் சொன்னாள். சுருதி வாங்கிப் பார்த்ததைச் சொன்னாள். கடைசியாகப் பார்த்த அந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை. அதை அவனே சொல்லட்டும் என்று விட்டாள்.

அஜிதனின் காது மடல்கள் சிவந்தன. பேமென்ட் கம்பெனி மேல் பழியைப் போட்டிருக்கலாம், தெரியாது என்றிருக்கலாம். அவன் அப்படிச் செய்யவில்லை.

"நான்தான் ஆன் பண்ணேன் அத்தை. ஆரம்பத்துல ஒரு ஃபாரம் வந்துச்சு. வெளிநாட்டு ஆளுங்க அவங்க காசுலயே கட்டலாமானு. வசதிதானேனு ஆமானு போட்டேன். எட்டு பர்சன்ட்ல ஆறு கம்பெனிக்கு, ரெண்டு நமக்குனு இருந்துச்சு. மத்த கடைங்கள்ல அந்த ரெண்டு கடைக்காரங்களுக்கே போகுது. நம்ம கடைக்கு மட்டும் என் பேரைப் போட்டேன்."

"எவ்ளோ வந்துச்சு?"

"நாலு மாசத்துல ரெண்டாயிரத்து முந்நூறு. இருபத்து மூணு ஆர்டர்."

தர்மதேவி நாற்காலியில் உட்கார்ந்தாள். தொகை அவள் பயந்ததைவிடச் சின்னது. அதனாலேயே இன்னும் சங்கடமாக இருந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை. குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"எந்த வாயால அத்தை கேப்பேன்?" அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினான். "உங்க மாடில இருக்கேன். வாடகை வாங்க மாட்டேங்கறீங்க. மூணு வேளையும் உங்க கைச் சாப்பாடு. இதுல பக்கம் பண்ணிக் குடுத்ததுக்குக் கூலி குடுங்கனு கேட்டா நல்லாவா இருக்கும்? ஆனா வேலைனு பார்த்தா மத்த கடைங்களுக்குச் செய்யற அளவு இங்கயும் இருக்கு. போட்டோ எடுக்கறது, விலை மாத்தறது, பார்சல் தேடறது… இந்த ரெண்டு பர்சன்ட் யாருக்கும் தெரியாம வருது, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். யார் தலைல விழுதுனு யோசிக்காம இல்ல. யோசிச்சிட்டுதான் விட்டேன். தப்புதான் அத்தை."

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று பொறுமையில்லாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

நூல் கடைக்காரருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறோம். பஞ்சு கொண்டு வரும் வேன்காரருக்கு டீக்காசோடு கொடுத்திருக்கிறோம். இத்தனை வேலை செய்தவனிடம் மட்டும், 'உங்களுக்கு எவ்வளவு?' என்று நான் கேட்கவே இல்லையே என்று நினைத்தாள் தர்மதேவி. கேட்டால் அவன் மனம் நோகும் என்று இவள் வாயை மூடிக்கொண்டாள். கேட்டால் இவர்கள் மனம் நோகும் என்று அவன் வாயை மூடிக்கொண்டான். நடுவில் ஆஸ்திரியாவில் ஒருத்தி நாலு யூரோ அழுதிருக்கிறாள்.

"மத்த சின்னக் கடைல மாசம் எவ்ளோ வாங்கறீங்க?"

"அதெல்லாம் எதுக்கு அத்தை?"

"சொல்லுங்க."

"ஆயிரத்து ஐந்நூறு."

"அப்ப எனக்கும் அதான்."

"ஐயோ, வேணாம். ஐந்நூறு போதும்."

"ஐந்நூறு யாருக்கு வேணும்? ஆயிரத்து ஐந்நூறு."

"சரி, ஆயிரமா வச்சுக்கலாம்."

"ஒரு ரூபாய் கம்மி பண்ண மாட்டேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்ஷயாவுக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "விக்கறவர் இறக்கறாரு, வாங்கறவங்க ஏத்தறாங்க. இந்த வீட்டைத் தவிர எங்கயும் நடக்காது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் கணவனை ஒரு முறை முறைத்தாள். "உங்களுக்கு இருக்கு, தனியா."

"ஆயிரத்து ஐந்நூறுன்னா சரி, வாங்கிக்கறேன்" என்றான் அஜிதன். "ஆனா நீங்க வாடகை வாங்கிக்கணும்."

தர்மதேவி வாயைத் திறந்தாள். மாப்பிள்ளையிடம் வாடகையா? ஊர் என்ன சொல்லும்? ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவன் நிமிர்ந்து பேசியிருக்கிறான்.

"மூவாயிரம்" என்றாள்.

"சரிங்க அத்தை."

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அஜிதன் அந்த வசதியை அணைத்தான். இனி யார் வாங்கினாலும் ரூபாய்தான். மாற்றுவது அவரவர் பேங்க்கின் பாடு. இருபத்து மூன்று பேருக்கும் எட்டு சதவீதத்தையும் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. ஒன்பதாயிரத்து இருநூறு ரூபாய். முழுவதும் நான் தருகிறேன் என்றான் அஜிதன். கடை என் பேரில் இருக்கிறது என்று தர்மதேவி ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்குப் பாதி. அக்ஷயா கடிதம் தயார் செய்தாள். 'எங்கள் பக்கத்தில் நடந்த தவறு' என்று தொடங்கும் கடிதம்.

மார்கிட்டின் பதில் மூன்று மணிக்கே வந்துவிட்டது. ஒரே வரி. 'நீ விலை ஏற்றவில்லையா? அப்படியானால் இப்போது ஏற்று.'

தர்மதேவி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு போய் மீதிப் பஞ்சை அடைத்து முடித்தாள்.

தன்யகுமார் ஆறு ஐந்துக்கு வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, கைகால் கழுவி, நேராகச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும் சமணர் வீடு அது. சப்பாத்தியும் பாசிப்பயறு கூட்டும் அவரைக்காய்ப் பொரியலும் இருந்தன. சாப்பிடும்போது அவர் பேச மாட்டார் என்பது அன்றைக்கு அம்மாவுக்கும் மகளுக்கும் வசதியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் கண்ணாலேயே பேசிவைத்திருந்தார்கள்.

அஜிதனிடம் யாரும் பேசிவைக்கவில்லை.

அவர் கைகழுவிக்கொண்டு வந்ததும், "மாமா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றான்.

அக்ஷயா தட்டுகளை அடுக்குகிற சாக்கில் சத்தம் எழுப்பிப் பார்த்தாள். பயனில்லை. டிக், எட்டு பர்சன்ட், ரெண்டாயிரத்து முந்நூறு, எல்லாவற்றையும் அவன் வரிசையாகச் சொல்லி முடித்தான்.

தன்யகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது யார் கண்டுபிடிச்சது?"

"அத்தைதான்."

மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக தர்மதேவிக்குப் பட்டது.

"இந்தக் கடைக்கு நிறுத்தியாச்சு. சரி. மத்த எட்டுக் கடை?"

அஜிதன் தடுமாறினான். "நாளைக்குக் காலைல ஒவ்வொருத்தரையா போய்ப் பார்க்கறேன் மாமா."

"நாளைக்கு எதுக்கு? மணி ஆறரைதானே ஆகுது. போன் இல்லையா?"

கூடத்தில் உட்கார்ந்தே அஜிதன் போன் செய்தான். ஊதுபத்திக் கடை அறிவுச்செல்வன், "அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்க. எடுத்துடுங்க" என்றார். செப்புப் பாத்திரக் கடை ராணியம்மாள், "இதுக்குத்தான் அந்த பிரான்ஸ்காரம்மா திரும்ப வரவேயில்லையா?" என்று கேட்டாள். ஏழு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். எட்டாவது, வேணு.

செங்கம் ரோட்டில் இரண்டு கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கிறவர். கடல் தாண்டி வருகிறவர்கள் அவரிடம் மூன்று மாதம் முன்னாலேயே அறைக்குப் பணம் கட்டிவிடுவார்கள். அஜிதனுக்கு மாதம் பன்னிரண்டாயிரம் தருகிறார். அவனுடைய வருமானத்தில் அது பாதி. பேங்க் கடனுக்குக் காட்டியிருக்கும் கணக்கே அந்தப் பன்னிரண்டாயிரத்தை நம்பித்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அந்த டிக் எனக்குத் தெரியும் தம்பி" என்றார் வேணு. குரலில் கோபமில்லை. "மாசம் எட்டாயிரம் வருது அதுல. அதை வச்சுதான் உங்களுக்கே குடுக்கறேன். வெளிநாட்டுக்காரனுக்கு நாலு யூரோ ஒரு காசா? டீ குடிச்ச கணக்கு. அதை எடுத்தீங்கன்னா உங்களையும் எடுத்துட வேண்டியதுதான்."

அக்ஷயா கணவனின் தோள் அருகே வந்து நின்றாள்.

"கடை உங்களுது, இஷ்டமும் உங்களுதுண்ணே" என்றான் அஜிதன். "ஆனா டிக் முன்னாடியே போட்டு வைக்க மாட்டேன். எட்டு பர்சன்ட்டுங்கறதையும் பெரிய எழுத்துல போடுவேன். பார்த்துட்டு அவங்களே டிக் போட்டா போடட்டும். அது வேணாம்னா வேற ஆளைப் பார்த்துக்கங்கண்ணே."

வேணு இணைப்பைத் துண்டித்தார்.

பாதி வருமானம் போய்விட்டது. அக்ஷயா அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை" என்றார் தன்யகுமார். "வெள்ளிக்கிழமைக்கு என் ஆதார் மட்டும் போதுமா? பான் கார்டும் எடுத்து வரணுமா?"

"மாமா, இப்ப வருமானம் பாதியாயிடுச்சே. பேங்க்ல…"

"அதை பேங்க் பார்க்கட்டும். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துட்டேன். ரெண்டும் எடுத்து வரணுமா, சொல்லுங்க."

"ரெண்டும் வேணும் மாமா."

தர்மதேவிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எழுந்து போய், காலையில் சாத்திய ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டாள். ஆடிக்காற்று உள்ளே பாய்ந்தது.

அஜிதனின் போன் ஒலித்தது. வேணுவிடமிருந்து குறுஞ்செய்தி. அவன் சத்தமாகப் படித்தான்: "காலை பத்து மணிக்கு கெஸ்ட் ஹவுஸுக்கு வாங்க. மாமனாரையும் கூட்டிட்டு வாங்க."

"என்னை எதுக்கு?" என்று கேட்ட தன்யகுமார் சட்டென்று நிறுத்தினார். "எந்த வேணு? கீழ்பென்னாத்தூர் வேணுவா?"

"ஆமா மாமா. உங்களுக்குத் தெரியுமா?"

"பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அவரோட பட்டா ஃபைல் என் மேஜைக்கு வந்துச்சு. ஒரு காகிதம் கம்மி. திருப்பி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் ரோட்டுல என்னைப் பார்த்தா அந்தப் பக்கம் போயிடுவாரு."

அக்ஷயாவின் முகம் வெளிறியது. "அப்ப போக வேணாம்பா."

தன்யகுமார் எழுந்து அலமாரியைத் திறந்தார். வெள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து, கசங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை மனைவியிடம் நீட்டினார்.

"இதை ஒரு தேய் தேய்ச்சு வை. நாளைக்கு நான் அரை நாள் லீவு."